மாமியின் நெற்றிக் கட்டியும் வோர்பரின் கொப்பியும்

2025 பெப்ரவரி 3, திங்கள்

மாமியின் இடது புருவத்துக்கு மேலே கிடந்த கறுத்த கட்டிக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. போன மாதம் அதில் ஒரு துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பேசல் செல் கார்சினோமா என்று எழுதியிருக்கிறது. தோல் புற்றுநோய்தான். ஆனால் ஆமை வேகத்தில் வளர்கிற சாதி, உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது, சுற்றிவர நாலு மில்லிமீற்றர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும் என்று டொக்டர் சொன்னார். நான்தான் அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கிப்போனேன். மாமி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நடு நெத்தியில வராமல் தள்ளி வந்திருக்கு, அது காணும்" என்றார்.

வெட்டுவது 20ஆம் திகதி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில். விறைப்பு ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். எங்களுக்குத் தலையிடி வெட்டு அல்ல, மாமியின் இருதயம். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் மைட்ரல் என்ற இருதய வால்வைப் பழுதாக்கி, 2012இல் கொழும்பில் உலோக வால்வு போட்டார்கள். அன்று தொட்டு ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு வோர்பரின் குளிசை. இரத்தம் உறையாமல் பார்க்கிற குளிசை. அதைக் குடித்துக்கொண்டு கத்திக்குப் போவதா?

இரவாவதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு. ரொறன்ரோவிலிருந்து பெரியத்தான் எடுத்து, "தங்கச்சி, ஐஞ்சு நாளைக்கு முதலே நிப்பாட்டிப்போடுங்கோ, இஞ்ச எல்லாம் அப்பிடித்தான்" என்றார். வழக்கமாகக் காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிற இடத்தில் கேட்டதற்கு அங்கேயும் அதே பதில், குளிசை அளவும் இரத்தச் சோதனையும் எழுதுகிற கிளினிக் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்காமல். இவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். கொப்பியில் எழுதினவர்களைக் கேட்காமல் ஒரு குளிசையும் குறையாது என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 6, வியாழன்

இருதய கிளினிக். விடிய நாலரைக்கு ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, இலக்கம் எடுத்துக் குந்தியிருந்து டொக்டரைக் காண மத்தியானமாகிவிட்டது. ஆனால் அவர் அவசரப்படவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான்: நிப்பாட்டுவதா, இல்லையா? அவர் திருப்பிக் கேட்டார்: "எங்க வெட்டுறாங்கள்? எவ்வளவு பெரிசு?" சொன்னேன். "அப்ப நிப்பாட்ட வேண்டாம்."

தோலில் இரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் அமத்தலாம், சுட்டு அடைக்கலாம், மேலால் ஒரு தையல் போடலாம். வால்வில் இரத்தம் உறைந்து கட்டி பிடித்தால் அமத்துவதற்கு விரல் போகாது. கதவுப் பிணைச்சலில் துணி சிக்கின மாதிரி வால்வு இறுகிப்போகும். அல்லது அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் விடும். சின்னத் தோல் வெட்டுக்கென்று மருந்தை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்களாம். உலோக வால்வு, அதுவும் மைட்ரல் இடத்தில் என்றால் ஆபத்து இன்னும் கூட.

ஐந்து நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் விளங்கப்படுத்தினார். வோர்பரின் இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குப் போய்விடாது. ஈரல் விற்றமின் கே-ஐக் கொண்டு செய்கிற உறைய வைக்கும் பொருட்களைத்தான் அது தடுக்கிறது. அவை திரும்ப ஊறிச் சேர நாலைந்து நாள் எடுக்கும். பிறகு குளிசையைத் தொடங்கினால் பழைய நிலைக்கு வர இன்னும் அவ்வளவு நாள், சில பேருக்கு அதற்கும் மேல். இடையில் வால்வு காவல் இல்லாமல் கிடக்கும். வயிற்றைத் திறக்கிற மாதிரிப் பெரிய ஒப்பரேஷன் என்றால் வேறு வழியில்லை, நிறுத்தத்தான் வேண்டும். அப்போது மாமி மாதிரி ஆட்களுக்கு இடைவெளியை மூட, இரத்தம் உறையாமல் பார்க்கிற ஹெப்பரின் ஊசி பற்றி யோசிப்பார்கள். அந்த ஊசியும் சும்மா இல்லை. 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், இருதயத் துடிப்புக் கோளாறுக்காக வோர்பரின் எடுப்பவர்களுக்கு இடையில் ஊசி போட்டதால் கட்டி பிடிப்பது குறையவில்லை, இரத்தப்போக்குத்தான் கூடியது. "உங்கட மாமிக்கு அந்தக் கதையே வேண்டாம். குளிசை ஓடட்டும். ஐ.என்.ஆர் மட்டும் மூன்றரைக்குக் கீழ இருக்கவேணும். ஒப்பரேஷனுக்கு முந்தின இரண்டு மூன்று நாளுக்குள்ள எடுத்த இரத்தமாக இருக்கவேணும்."

ஐ.என்.ஆர் என்றால் இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டுகிற இலக்கம். மருந்து எடுக்காத ஆளுக்கு அது ஒன்றை ஒட்டி நிற்கும். மாமிக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கவேண்டும். இன்றைக்கு 3.0. கொப்பியில், சத்திரசிகிச்சை செய்பவருக்கு என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். அந்த நாலு வரிக்காகவே வந்தது வீண்போகவில்லை.

வெளியே வரும்போது மாமிக்கு ஒரு யோசனை. வலது தோள்மூட்டுக்குப் பின்னால் 2009இல் மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. "உதையும் அதோட எடுக்கலாம்தானே, ஒரே செலவு" என்றார். அங்கே நின்ற சின்ன டொக்டர் தடவிப் பார்த்தார். அது தோலில் இல்லை, தசைக்குள்ளே. நோவில்லை, சீழில்லை. வோர்பரினோடு ஆழத்தில் கிண்டினால் உள்ளுக்குள்ளே இரத்தம் தேங்கும், வெளியே தெரியாது. "அது பாட்டுக்குக் கிடக்கட்டும் அம்மா." வன்னியில் எத்தனை பேருடைய உடம்பில் இப்படி அது பாட்டுக்குக் கிடக்கிறதோ.

பெப்ரவரி 7, வெள்ளி

பெரியத்தானோடு கதைத்தேன். அவர் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அவர் எடுப்பது அபிக்சபான், இரத்தம் உறையாமல் பார்க்கிற வேறொரு சாதிக் குளிசை. போன வருடம் குடல் பார்க்கிற குழாய்ப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்களாம். அந்தச் சாதி மருந்து ஒன்றிரண்டு நாளில் உடம்பை விட்டு இறங்கிவிடும், தொடங்கினாலும் சில மணித்தியாலத்தில் வேலை செய்யும். சின்னத் தோல் வெட்டுக்கு அதைக்கூடப் பெரும்பாலும் தொடரவே விடுகிறார்கள், சில இடத்தில் அன்றைய காலை வேளையை மட்டும் பிந்திப் போடச் சொல்வார்கள். "அப்ப அம்மாவுக்கும் இதையே மாத்தலாமே, இரத்தச் சோதனையும் இல்லை" என்றார். உலோக வால்வுக்காரருக்கு அது ஆகாது. டாபிகாட்ரான் என்ற அந்த வகைக் குளிசையை உலோக வால்வு உள்ளவர்களில் பரீட்சித்து, இரத்தக் கட்டியும் கூடி இரத்தப்போக்கும் கூடினதால் இடையிலேயே நிறுத்தி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மாமிக்கு வோர்பரின்தான் கதி.

அவர் அனுப்புகிற மீன் எண்ணெய்ப் போத்தலைப் பற்றியும் டொக்டர் கேட்டிருந்தார். பெரிய ஆபத்தென்று இல்லை, ஆனால் தேவையில்லாமல் வோர்பரினோடு சேர வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார். உள்ளிக் குளிசை, விற்றமின் ஈ இருந்தாலும் அப்படியே. ஆகக் கடைசியில் இந்த வீட்டில் நிப்பாட்டின மருந்து கனடாப் போத்தல்தான். பெரியத்தான் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

வயலில் வெட்டு மெஷின் நிற்கிறது. வீடு முழுக்க நெல்லுச் சுணை. இவரைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் காணலாம்.

சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது ஒரு அண்ணை வந்து மெதுவாகக் கேட்டார். மாமியின் கதை ஊருக்குள் போய்விட்டது. அவருக்குப் போன ஆவணியில் இருதயக் குழாய்க்குள், அது அடைபடாமல் விரித்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் வைத்தது. அஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் எடுக்கிறார். முதுகில் ஒரு கொழுப்புக் கட்டி, எடுக்கப்போகிறார். ஒரு கிழமைக்கு முதல் இரண்டையும் விடலாம் என்று யாரோ சொன்னார்களாம். அவை வேறு வழியில் வேலை செய்கிற மருந்து. இரத்தத்தில் ஒட்டித் திரள்கிற தட்டணுக்களை, அவை சாகும்வரைக்கும், ஒட்டாமல் ஆக்கிவிடும். தட்டணுவின் ஆயுள் ஏழு தொடக்கம் பத்து நாள். அதனால்தான் கிழமைக் கணக்கு. ஆனால் ஸ்டென்ட் வைத்து வருடம் திரும்புமுன் தன்பாட்டில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். "அண்ணை, கட்டி பொறுக்கும். ஸ்டென்ட் வைத்த டொக்டரைக் கேளாமல் ஒன்றும் செய்யாதேங்கோ" என்றேன். அவர் யூரியாக் கணக்கையும் கேட்டுவிட்டுப் போனார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஐ.என்.ஆர் 4.2.

இரத்தம் எடுக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். நீல மூடி போட்ட சின்னக் குழாய், அதற்குள் முன்கூட்டியே ஒரு சொட்டு மருந்து இருக்கும். இரத்தம் கோடு மட்டுக்கும் நிரம்பவேண்டும், குறைந்தால் கணக்குப் பிழைக்கும். தாதி மிஸ் கோடு வரை நிரப்பி மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தார். அதனால் குழாயில் குற்றமில்லை.

விசாரித்ததில் குற்றம் சட்டிக்குள். கோயிலடியில் யாரோ மாமியிடம், கீரை வோர்பரினுக்கு எதிரி, ஒப்பரேஷன் முடியும்வரை தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். மாமி ஒரு கிழமைக்கு மேலாக முருங்கையிலையும் இல்லை, வல்லாரையும் இல்லை, பொன்னாங்காணியும் இல்லை. நெல்லு வெட்டுக் காலம் என்று நான் வேளைக்கே வெளிக்கிட்டுப் போய்விடுவேன், மத்தியானம் சோறும் அரைவயிறுதான். கீரையில் இருக்கிற விற்றமின் கே திடீரென்று குறைந்தால் அதே குளிசை கூடுதலாக வேலை செய்யும். கிளினிக்கில் வருடக்கணக்காகச் சொல்வது ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவாகச் சாப்பிடு என்பதுதான். சாப்பிடாதே என்று ஒருவரும் சொன்னதில்லை.

20ஆம் திகதி இல்லை என்றாகிவிட்டது. 27க்குத் தள்ளினார்கள். இன்றைக்கு ஒரு நாள் குளிசை விடவேண்டும், நாளையிலிருந்து பழைய அளவு, கீரை வழமைபோல. மாமிக்குக் கோபம். "நிப்பாட்டக் கூடாது எண்டு சொல்லிப்போட்டு இப்ப அவையளே விடச் சொல்லினம்!" அவர்கள் இலக்கத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் மாமி, ரொறன்ரோவில் இருந்து சொல்லவில்லை என்றேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பழக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார்.

பெப்ரவரி 25, செவ்வாய்

3.1. நாளைக்குச் சிவராத்திரி. மாமி தான்தோன்றீஸ்வரத்தில் நாலு சாமமும் விழித்திருந்து ஒன்றும் தின்னாமல் இருக்கிற ஆள். பட்டினி கிடந்தால் இலக்கம் மறுபடியும் ஏறும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஐயரிடம் கேட்டு வந்தார். மருந்து குடிக்கிற ஆள் சாப்பிடலாம், சிவன் கோபிக்கமாட்டார் என்றாராம். நான் சொன்னால் காதில் ஏறாது.

பெப்ரவரி 27, வியாழன்

முடிந்தது. வான் பிடித்துத்தான் போனோம்.

என்னை உள்ளே விடவில்லை. மாமி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஊசி குத்தும்போது மட்டும் எரிந்தது, பிறகு நெற்றியைக் காணவில்லையாம். விறைப்பு மருந்தோடு அட்ரினலினும் கலந்திருக்கும், அது சின்ன நாளங்களைச் சுருக்கி இரத்தத்தைக் குறைக்கும். பிறகு "ர்ர்" என்று ஒரு சத்தம், மயிர் கருகின மணம். அது இரத்தம் வருகிற வாய்களை மின்னால் சுட்டு அடைக்கிறது. உள்ளே கரைகிற தையல், வெளியே கறுப்பு நூல். மேலே பஞ்சை மடித்து வைத்து இறுக்கி ஒரு கட்டு. வெட்டியவர் கொப்பியின் நாலு வரியையும் வாசித்துவிட்டு 3.1ஐப் பார்த்து "நல்லது" என்று மட்டும் சொன்னாராம். வழமையை விடக் கொஞ்சம் கூடக் கசிந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து எனக்குச் சொன்னது இவ்வளவு: அட்ரினலின் சில மணித்தியாலத்தில் இறங்கும், அப்போது சுருங்கின நாளங்கள் விரியும், இன்றிரவு கசியலாம். கசிந்தால் சுத்தமான பஞ்சை வைத்து மணிக்கூட்டைப் பார்த்து இருபது நிமிடம் அமத்து. இடையில் தூக்கிப் பார்க்காதே. நிற்கவில்லை என்றால் இன்னொரு இருபது. அதற்கும் நிற்காவிட்டால் மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்குப் போ, யாழ்ப்பாணம் வரவேண்டுமென்று வழியில் மினக்கெடாதே. நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்ளோபெனக், இபுபுரூபன் கிட்டவும் வரக்கூடாது. வேறு யாராவது அன்ரிபயோற்றிக் எழுதினால் வோர்பரின் எடுப்பதைச் சொல்லு, சிலது ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும், வயிற்றோட்டத்துக்குத் தருகிற மெற்றோனிடசோல் அதில் முதல் ஆள். இரண்டு நாளைக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, படுக்கும்போது தலையை உயர்த்து.

முறிகண்டியில் வான் நின்றது. நிற்காமல் வர முடியுமா? மாமி இறங்கிப் பிள்ளையாருக்கு முன்னால் குனிந்து கும்பிடப்போனார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். நின்றபடியே குட்டிக்கொண்டார், அதையும் மெதுவாக. கச்சான் வாங்கினோம்.

இரவு 11 மணி

ஆறு மணிக் குளிசையைக் கொடுத்துவிட்டேன். ஒன்பதரைக்கு மேல் கட்டின் கீழ் ஓரம் சிவந்தது. முதலில் ஒரு ரூபாய்க் குற்றியளவு, பிறகு புருவத்துக்கு ஒரு கோடு இறங்கியது. மிஸ் தந்த பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கட்டுக்கு மேலாகவே வைத்து உள்ளங்கையால் அமத்தினேன். மாமியைத் தலகணிகளில் சாய்த்திருந்தேன். இவர் மெஷின்காரருக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்த கையோடு வந்து கட்டிலடியில் நின்று, "நிண்டிட்டுதோ? ஒருக்கால் எடுத்துப் பார்" என்று இரண்டு நிமிடத்துக்கொருமுறை. எடுத்துப் பார்க்கக் கூடாது. உறையத் தொடங்குவது பஞ்சோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். மணிக்கூட்டை அவர் கையில் கொடுத்து அதைப் பார்க்கச் சொன்னேன். கை விறைத்தது, மற்றக் கையை மேலே வைத்தேன். மாமி அதற்குள் நித்திரை. இருபது நிமிடம் முடிந்து எடுத்தபோது பஞ்சில் சிவப்பு, கட்டில் புதிய கசிவு இல்லை. "இண்டைக்கும் அந்தக் குளிசையைக் குடுத்தனியா?" என்று இவர் கேட்டார். கொடுத்தேன்.

மார்ச் 1, சனி

மாமியின் இடது கண் திறக்கவில்லை. இமை வீங்கி நாவற்பழ நிறம், கன்னம் வரை இறங்கியிருக்கிறது. நெற்றியில் தேங்கினது பாரத்தால் கீழே வடிந்து கண்ணைச் சுற்றித் தங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் ஓடவில்லை. கட்டுக்குக் கீழே உருண்டு திரண்டு இறுகிக்கொண்டு வந்தால், அல்லது நோ கூடிக்கொண்டே போனால், பார்வை மங்கினால் மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "ஐயோ மாமி, ஆர் அடிச்சது?" "ஆர், மருமகள்தான்." இரண்டு பேருக்கும் சிரிப்பு. எனக்கு இல்லை.

மார்ச் 6, வியாழன்

நூல் எடுத்தாயிற்று. காயம் காய்ந்திருக்கிறது. கண் மஞ்சளுக்கு மாறிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

வெட்டி அனுப்பினதன் ரிப்போர்ட். அதே பேசல் செல், ஓரங்கள் நாலு பக்கமும் ஆழத்திலும் சுத்தம். ஆறு மாதத்தில் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். வயலுக்குப் போனால் தொப்பி போடவேண்டுமாம். மாமி சேலைத் தலைப்புப் போதும் என்கிறார், பார்ப்போம். ஐ.என்.ஆர் 2.9.

ஸ்டென்ட் அண்ணை இன்றைக்கு பஸ்ஸில். அவருடைய டொக்டர் வருடம் முடியும்வரை கட்டியைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாராம். அவருக்கு அது பெரிய நிம்மதி, வெட்டுக்குப் பயந்துகொண்டிருந்த ஆள்.

மருந்தகத்தில் 1 மில்லிகிராம் குளிசை முடிந்துவிட்டது. மாமிக்கு ஒரு நாள் 4, ஒரு நாள் 5. நீலம் 3, பழுப்பு 1 என்று நிறத்தைப் பார்த்துத்தான் மாமி எடுப்பார். இப்போது கையில் நீலமும் பிங்கும் மட்டும். பிங்க் ஒன்று 5, அந்த நாளுக்குச் சரி. 4க்கு என்ன செய்வது? உடைத்துக் கணக்குப் பார்க்கிற வேலை வேண்டாம். நாளைக்கு மாங்குளத்தில் கேட்டுப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கிளிநொச்சி.